ஆங்கிலத்தில் துக்கம் விசாரித்தது

அந்த வருடங்களில் பெங்களூரில் டிகிரி முடித்த யாரைக் கேட்டாலும், ஒன்று கால் சென்டரில் இருப்பார்கள், இல்லை கால் சென்டர் இன்டர்வியூவுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். நான் இன்டர்வியூவைத் தாண்டி, மூன்று வாரப் பயிற்சியையும் முடித்து, கடைசிப் பரீட்சைக்குக் காத்திருந்தேன். அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

பயமில்லை. என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. பி.காம் சேர்ந்த நாளிலிருந்து, சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளுக்கு எத்தனை அர்த்தம் என்று எழுதிக்கொண்டு வந்த நோட்டு. மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், எலெக்‌ஷனில் நின்றாலும் ரன். ‘ரன்’ மட்டும் நாலரைப் பக்கம் ஓடியது. பெரிய வார்த்தைகள் சாதுக்கள், ஒரு அர்த்தத்தோடு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். சின்னதுகள்தான் போக்கிரிகள். பேட்சில் எல்லோரும் என்னை டிக்‌ஷனரி என்றே கூப்பிட்டார்கள்.

பயிற்சியில் ‘ஸாரி’க்கு ஒரு புதுப் பக்கமே திறந்தேன். அழைத்தவரைக் காக்க வைத்தால் ஸாரி, அவர் பேசுவது காதில் விழாவிட்டால் ஸாரி, பில் தப்பாகப் போயிருந்தால் ஸாரி, நம்மை அவர் திட்டினாலும் நாம்தான் ஸாரி.

பரீட்சை இப்படி: எங்கள் ட்ரெயினர் மேடம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர் மாதிரி பேசுவார். நாங்கள் வெளியே ஹெட்செட் மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஆறு நிமிடத்தில் முடிக்க வேண்டும். இரண்டு வாய்ப்பு.

எனக்கு மேடம் ஒரு பாட்டியம்மாவாக வந்தார். இரண்டு நிமிடம் காக்க வைத்து, ஸாரி சொல்லி லைனுக்குத் திரும்பி வந்தேன். போன் இணைப்பு கணவர் பேரில் இருக்கிறது, அந்தப் பேரை எடுத்துவிட வேண்டும், அவர் போன வாரம் தவறிவிட்டார் என்றார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு ஸாரி வாக்கியம். அடுத்து அக்கவுன்ட் நம்பர் கேட்க வேண்டும்.

இப்போதுதான் காக்க வைத்ததற்குக் கொடுத்த ஸாரி. அதையே எடுத்துச் செத்தவருக்கும் நீட்ட எனக்குக் கை வரவில்லை. எங்கள் ஜீவனஹள்ளித் தெருவில் சாவு விழுந்தால் யாரும் ஸாரி சொல்ல மாட்டார்கள். கேட்பார்கள். எப்ப ஆச்சு, எப்படி ஆச்சு, கடைசியா என்ன சாப்பிட்டாரு, பக்கத்துல யார் இருந்தா. வருகிற ஒவ்வொருவருக்கும் சாவு வீட்டுக்காரர்கள் முதலிலிருந்து சொல்வார்கள். பத்தாவது முறை சொல்லும்போது தொண்டை கொஞ்சம் இளகியிருக்கும்.

நான் கேட்க ஆரம்பித்தேன். இலக்கணம் பிசகாமல், உச்சரிப்பு பிசகாமல், சுத்தமான ஆங்கிலத்தில். மேடம் திணறித் திணறிப் பதில் சொன்னார். பதினொரு நிமிடம் ஆனதும் இணைப்பைத் துண்டித்துவிட்டு வெளியே வந்தார். அவர் கன்னடக்காரர், பேசும் தமிழ் நீலசந்திராவில் குடியிருந்தபோது பக்கத்து வீடுகளில் கற்றது.

“என்னம்மா நீ, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி என்கொயரி பண்றே?”

“துக்கம் கேட்டேன் மேடம்.”

“கேட்டே, கேட்டே! செத்தவருக்கு நான் ஒரு தம்பியையே உண்டாக்க வேண்டியதாப் போச்சு.”

பேட்ச் முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்தார். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாகச் சொன்னார். “எங்க வீட்லயும் இப்படித்தான் கேப்போம். ஆனா அவங்க ஊர்ல இது ரொம்பத் தப்பு. ஸாரி சொல்லு, நம்பர் கேளு. நாளைக்குக் கடைசி சான்ஸ், ஆய்த்தா, சரியா?”

சாப்பாட்டு நேரத்தில், ஹெப்பகோடியிலிருந்து வரும் தோழி விடவில்லை. “ஏய் டிக்‌ஷனரி, அத்தன எழுதினியே, சாவுக்குச் சொல்ற ஸாரி உன் நோட்டுல இல்லையா?”

“இருக்கு. ஆறாவது.”

“அப்புறம் என்னடி?”

“வாயில வரல.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் பரீட்சை பெரிதாகப் படவில்லை.

“யாரு செத்தது?”

“யாரும் சாகலம்மா. மேடம் சும்மா நடிச்சாங்க.”

“சரி, என்ன வயசாம்?”

“எழுபத்திரெண்டு.”

“பாவம். அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?”

“அம்மா, அது கதை!”

“இருக்கட்டும்டி. கேட்டியா இல்லையா?”

“அதைக் கேக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க.”

மறுநாள் போகும்வரை அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போது, தலை பின்னும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. சொல்லச் சொல்ல அது வெறும் சத்தமாகிவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான் என்று நினைத்தேன்.

அதே பாட்டியம்மா, அதே கணவர். இந்த முறை ஸாரியை அழகாகச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் மேடத்தின் முகம் மலர்ந்தது. நன்றி கண்ணே என்றார். அடுத்து நம்பர் கேட்க வேண்டியதுதான். ஆனால் நாக்கு நுனியில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்ற கேள்வி வந்து நின்றது. அது வெளியே விழுந்துவிடக் கூடாதே என்று வாயை இறுக மூடினேன். மூடிய வாயிலிருந்து நம்பர் கேட்கும் வாக்கியமும் வரவில்லை. திரையில் நொடிகள் ஓடின. மேடம் உள்ளிருந்து கையை ஆட்டினார், கேளு, கேளு என்று. எனக்கு எல்லாம் தெரிகிறது. எல்லாம் தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அடுத்த பேட்சுக்குச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். கழுத்து பேட்ஜைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கதவைத் திறந்த அம்மா முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தாள். காபி போட்டுக் கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எப்ப சொன்னாங்க?”

“பதினொரு மணிக்கு.”

“எப்படி ஆச்சு? காலையில சாப்பிட்டுத்தான போன? பக்கத்துல யார் இருந்தா?”

முதலிலிருந்து சொன்னேன். ஆறு மணிக்கு அப்பா வந்தார். அவருக்கும் முதலிலிருந்து.