பலூன் கொட்டிலும் விண்வெளிப் பொய்களும்

ஊதிய துணிக் கொட்டிலுக்குள் சனத்தைத் தவழ்ந்து வரச்செய்து, இருட்டில் படுக்கவைத்து, அவர்கள் இவ்வளவு நாளும் ரசித்துப் பார்த்த விண்வெளிப் படங்களில் பாதி நடக்காத காரியம் என்று சொல்லி அனுப்புவதுதான் என் தொழில்.

படம் ஓடும்போது "இது இப்படி நடக்காது" என்று வாய்தவறிச் சொல்லி, வீட்டில் ரிமோட்டைப் பறிகொடுத்தவர்கள் உங்களில் கொஞ்சப் பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் கோபப்படுவீர்கள். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

பௌதிகவியல் படித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்த நாளில் நிசார் நானா, "வாங்க தங்கச்சி" என்று என்னை வேலைக்குக் கூப்பிட்டார். கிண்ணியாக்காரர், அங்கே அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணங்களுக்குப் பந்தல், கதிரை, ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். எங்கேயோ இருந்து ஒரு வட்டக் கொட்டிலும், அதற்குள் வானத்தைக் காட்டும் ஒரு புரொஜெக்டரும் வாங்கி வந்திருந்தார். ஃபேன் காற்றை ஊதிக்கொண்டிருக்கும் வரைதான் கொட்டில் நிமிர்ந்து நிற்கும். பள்ளிக்கூடம், திருவிழா, கடற்கரை என்று திருகோணமலை மாவட்டம் முழுக்க அதைக் கொண்டு திரிகிறோம். கோள்களைக் காட்டி முடித்ததும் ராக்கெட் சண்டை, கருந்துளை என்று கணினியில் செய்த காட்சிகளைப் போடுவோம். அதில் எது மெய், எது பொய் என்று சொல்வது நான். வான் வண்டியை ஓட்டுவதும் ஜெனரேற்றரைப் பார்ப்பதும் சேகர்.

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. இருந்த இடத்தில் இருக்கவும் ஏலாது, ஒருவர் கேள்வியை முடிக்கும்வரை பொறுக்கவும் ஏலாது. பாதிக் கேள்வியிலேயே பதிலை ஆரம்பித்துவிடுவேன். முறைப்பாடுகள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில், போன முறை, நானா ஒரு முடிவுக்கு வந்தார். யாரோ ஒருவரின் கனத்த குரலில் முழு விளக்கத்தையும் பதிந்து எடுத்துக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு முறைப்பாடு வந்தால் இனி அந்தக் குரல்தான் பேசும், நான் வீட்டில் இருக்கலாம் என்றார். இந்தக் கொட்டிலுக்கு வெளியே என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. எப்போது நியமனம், எப்போது கல்யாணம் என்ற இரண்டையும் தவிர.

சத்தமில்லாத வெடி

காட்சியில் ஒரு விண்கலம் வெடிக்கும். நானாவின் கல்யாண ஒலிபெருக்கியில் அது இடி மாதிரிக் கேட்கும். கிண்ணியாவில் ஒரு நாள் நான் சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு அதே வெடியை மறுபடி போட்டேன். சத்தம் காற்றில் ஏறித்தான் காதுக்கு வருகிறது, விண்வெளியில் காற்று இல்லை, அதனால் பக்கத்துக் கலம் தூள்தூளாகப் போனாலும் உங்களுக்கு ஒரு சின்னச் சத்தமும் கேட்காது என்று சொன்னேன். நெருப்புக்கூட இப்படி உருண்டு திரண்டு எரியாது, உள்ளே இருந்த காற்று முடிந்ததும் அணைந்துவிடும் என்று அதற்கு மேலும் ஒன்றைப் போட்டேன்.

சனத்துக்கு நல்லாக விளங்கிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு வாப்பா எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "நம்மட ஊருல வெடிச்சதெல்லாம் சத்தத்தோடதான் வெடிச்ச, புள்ள."

மான் போட்ட ஓட்டை

திருகோணமலை நகரத்தில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரிவது உங்களுக்குத் தெரியும். கடற்கரைக்குப் பக்கத்தில் கொட்டிலைப் போட்டிருந்த ஒரு பின்னேரம், ஒரு கொம்பன் வந்து துணியில் உரஞ்சியது. கொம்பு உள்ளே வந்துவிட்டது. மான் கொம்பை இழுத்துக்கொண்டது, ஓட்டை மிஞ்சியது. காற்று 'உஸ்' என்று போகத் தொடங்கியதும் உள்ளே ஒரே கூச்சல். படத்தில் பார்த்திருக்கிறார்கள் அல்லவா, சின்ன ஓட்டை விழும், மேசை, அலுமாரி, மனிதர் எல்லாம் அதற்குள்ளால் உறிஞ்சப்பட்டுப் போவார்கள். ஒரு அம்மா தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நான் ஓடிப்போய் உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தினேன். இதுதான் சந்தர்ப்பம் என்று விளக்கத்தையும் ஆரம்பித்தேன். மெய்யான விண்கலத்தில் விரல் நுழையும் அளவு ஓட்டை விழுந்தாலும் அது உங்களை இழுப்பது ஒரு கிலோ சீனிப் பையின் கனத்துக்குக் கிட்டத்தான். ஒரு தகட்டை வைத்து மூடி, ஓரத்தில் பசை பூசினால் போதும். காற்று முழுவதும் போய் முடிய நிறைய நேரம் எடுக்கும், அதற்குள் ஆறுதலாக யோசிக்கலாம். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியில் நின்ற மான் என் உள்ளங்கையை நக்கத் தொடங்கியது. வியர்வை உப்பு அதற்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. கூச்சம் தாங்காமல் துள்ளித் துள்ளித்தான் மிச்ச விளக்கத்தைச் சொல்லி முடித்தேன். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா படுத்த இடத்திலிருந்தே சொன்னார்: "படத்தில ஓட்டை விழுந்தா ஆக்கள் வெளியால போவினம். இங்க மான் எல்லோ உள்ளுக்கு வரப் பாக்குது."

கல்லுக்குள் ஓட்டுவது

விண்கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வர, கதாநாயகன் அதற்குள் வளைந்து நெளிந்து கலத்தை ஓட்டுவான். உண்மையில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இருக்கும் அந்தக் கற்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் முட்டாது. ஒரு கல்லில் நின்று பார்த்தால் அடுத்த கல் கண்ணுக்கே தெரியாது. இதைச் சொன்னதும் மூதூருக்குப் படகு ஓட்டும் ஒருவர் ஏளனமாகச் சிரித்தார்: "அப்ப அவன் என்ன பெரிய ஓட்டி? நம்மட இறங்குதுறையில, கச்சானுக்க, படக ஒருக்கா அணைச்சுக் கட்டட்டும் பாப்பம்."

விழுந்துகொண்டே இருப்பவர்கள்

கப்பல்துறைக் கிராமத்தில் கொட்டிலைப் போட்டபோது மிதப்பதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பூமியைச் சுற்றுகிறவர்கள் மிதப்பது அங்கே ஈர்ப்பு இல்லாததால் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது பிழை. அந்த உயரத்திலும் பூமி அவர்களை இங்கே இழுப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போவதால், விழ விழப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. கலமும் விழுகிறது, ஆளும் விழுகிறார், கையில் இருக்கும் பேனையும் விழுகிறது. எல்லாம் ஒன்றாக விழுவதால் மிதப்பது மாதிரி இருக்கிறது.

இதை நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடிக்க, ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சேகர் வாசலால் தலையை நீட்டினான். இரக்கமாகத்தான் சொன்னான், அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது: "உங்கட நியமனமும் அப்பிடித்தானே அக்கா. வந்துகொண்டே இருக்கு, வந்து சேருதில்லை."

அதிபர் அம்மாவின் பிளாஸ்க்

படங்களில் உடை இல்லாமல் வெளியே விழுந்த ஆள் உடனே பனிக்கட்டிச் சிலையாகிவிடுவார். ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபர் அம்மா, அதாவது தலைமை ஆசிரியை, இதைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தார். "மிஸ், அந்த விண்வெளிக் குளிர்…" என்பது வரைக்கும்தான் எனக்குக் கேட்டது. உடனே அவருடைய தேத்தண்ணிப் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு தொடங்கிவிட்டேன். இதன் இரண்டு சுவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, அதனால்தான் தேத்தண்ணி ஆறாமல் இருக்கிறது. விண்வெளியும் அப்படித்தான், சூட்டை வாங்கிக்கொண்டு போக அங்கே காற்று இல்லை, உடம்பு மெல்ல மெல்லத்தான் குளிரும். உறையமாட்டார், வெடிக்கவும் மாட்டார். மூச்சுக்குக் காற்று இல்லாமல் சில விநாடிகளில் மயங்குவார், அதற்குள் உள்ளே இழுத்துவிட்டால் பிழைக்கவும் கூடும். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதிபர் அம்மா தட்டவில்லை.

பின்னேரம் நானாவின் தொலைபேசி அடித்தது. நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரியாமலே நானா ஸ்பீக்கரில் போட்டார். அதிபர் அம்மா கோபப்படாமல், நிதானமாகச் சொன்னார்: "விளக்கம் எல்லாம் திறம். ஆனா நான் என்ன கேக்க வந்தனான் எண்டதை அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் கேக்கேல்லை."

குரலும் அந்த அம்மாவும்

அடுத்தது இலங்கைத்துறை. அன்று பேசப்போவது பதிந்த குரல் என்று நானா முடிவாகச் சொல்லிவிட்டார். "தங்கச்சி, நீங்க ஃபேனப் பாத்துக்கங்க, வாயத் திறக்காம இரிங்க." நான் வாசலில் இருந்தேன். கச்சான் கொட்டிலைப் பிடித்து உலுப்பியது. என் கைகால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. குரல் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். தங்குதடையில்லாமல், இலக்கணமாக, ஒரு பிழையும் விடாமல் பேசிக்கொண்டு போனது. போச்சு என் வேலை என்று நினைத்தேன்.

கருந்துளைக் காட்சி வந்தது. அதற்குக் கிட்டப் போகிறவருக்குக் காலம் மெதுவாகும், திரும்பி வரும்போது அவர் இளைஞராகவே இருப்பார், வீட்டில் இருந்தவர்கள் முதுமை அடைந்திருப்பார்கள் என்றது குரல். படுத்திருந்தவர்களில் ஒரு அம்மா, "இது மெய்யோ?" என்று கேட்டார். குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனது. "இல்லை, மெய்யோ எண்டு கேக்கிறன்" என்றார் மறுபடி. குரல் அடுத்த விண்மீனுக்குப் போய்விட்டது. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருந்த நானாவைப் பார்த்தேன். நானா என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை நிறுத்தினார். "கேளுங்கம்மா. தங்கச்சி சொல்லுவா."

அந்த அம்மா மெதுவாகக் கதைத்தார். "எங்கட அவர் கடலுக்குப் போனவர், வரேல்லை. படகும் வரேல்லை. மகளுக்கு அப்ப பல்லும் முளைக்கேல்லை. இப்ப அவவுக்குக் கலியாணமும் முடிஞ்சுது." நிறுத்தினார். கடலில் கருந்துளை கிடையாது அம்மா என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. அதிபர் அம்மாவின் தொலைபேசி ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை. "அவர் ஒருக்கா வந்தாரெண்டா, போன அதே வயசில வந்தாரெண்டா… என்னைப் பாத்து ஆரெண்டு தெரியுமோ அவருக்கு?"

பாதியில் வெட்டியிருந்தால் இந்தக் கேள்வி என் காதில் விழுந்தே இருக்காது. காலம் மெதுவாவது மெய்தான் அம்மா என்றேன். ஆனால் அதற்கு ஒளியின் வேகத்துக்குக் கிட்டப் போகவேண்டும், அல்லது கருந்துளைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். படகில் போனாலும், பிளேனில் போனாலும், ராக்கெட்டில் போனாலும் கண் இமைக்கிற நேரம்கூட வித்தியாசம் வராது. "அவர் எங்க இருந்தாலும் உங்களுக்கு எவ்வளவு காலம் போச்சுதோ, அவருக்கும் அவ்வளவுதான் போயிருக்கும். உங்களுக்கு நரைச்ச மாதிரி அவருக்கும் நரைக்கத்தான் வேணும்." அவர் இருக்கிறாரா என்று நான் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியாது, நான் படித்த பாடத்துக்கும் தெரியாது. சொன்னது சரியோ பிழையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. எந்தப் பொய்யைச் சொல்லியாவது அவரைத் தேற்றியிருக்கலாமே என்றும் தோன்றியது. அந்த அம்மா மேலே தெரிந்த வானத்தைப் பார்த்தபடி, கணக்கு ஒன்று சரிவந்த மாதிரிச் சொன்னார்.

"அப்ப சரி பிள்ளை. ரெண்டு பேரும் கிழடாத்தான் இருப்பம்."

கொட்டிலை மடித்து ஏற்றும்போது நானா அந்தக் குரல் இருந்த பென்டிரைவைச் சேகரிடம் கொடுத்து, அதை அழித்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் பாட்டுப் பதிந்து வரச் சொன்னார்.

கருந்துளைக்குப் பக்கத்தில் போனால்தான் காலம் மெதுவாகும் என்று நான் இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஆனால் எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, ஒருவர் கேள்வியை முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.