நாணில் கட்டிய நாலு குஞ்சம்

எழுதிப் பழகாத கை இது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றைச் சொல்லி வரும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லு என்றால் இதுவும் வராது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்பவும் கூச்சம்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் வீடுதான் ஊருக்குக் கடைசி. பின்னால் ஒரு ஓடை, ஓடையைத் தாண்டினால் எங்கள் புஞ்சை. வாசலில் நின்று பார்த்தால் புஞ்சைக்குள் நிற்கிற ஒத்தப் பனையின் தலை மட்டும் தெரியும். ஆள் தெரியாது, நடுவில் வேலிக்கருவை அடைத்துக் கிடக்கும். வாசலிலிருந்து பனை வரைக்கும் எட்டு வைத்து நடந்தால் இருநூறு எட்டு இருக்கும் என்று அவுக சொல்லுவாக. அவுக என்றால் என் வீட்டுக்காரர்.

அந்த வருஷம் குதிரைவாலி போட்டிருந்தோம். மார்கழியில் கதிர் முற்றி வருகிற நேரம் பார்த்து மயில் இறங்கிவிட்டது. ஒன்று ரெண்டு இல்லை, கூட்டமாக. கதிரை உருவித் தின்றது பாதி, மிதித்துச் சாய்த்தது பாதி. மயிலைக் கொன்றால் கேசு. எங்களுக்கும் கொல்ல மனசு வராது. தகரம் தட்டிப் பார்த்தோம். என் பழைய சேலைகளை வேலியைச் சுற்றிக் கட்டினோம். மயில் ரெண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் சேலையை மிதித்துக்கொண்டே உள்ளே வந்தது.

அதற்குப் பிறகுதான் அவுக மூங்கில் வாங்கிவந்து உண்டை வில் செய்தாக. அம்பு விடுகிற வில் இல்லை இது. ரெண்டு நாண் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், நடுவில் சின்னதாக ஒரு துணிப்பை. அதில் மண் உருண்டையை வைத்து இழுத்து விட வேண்டும். கண்மாய் மண்ணைப் பிசைந்து எலுமிச்சங்காய் அளவில் பாதியாக நான் உருட்டிக் காயவைப்பேன். மயில் மேல் பட்டால் பொடிந்துபோகும். வலிக்கும், உயிருக்கு ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு உருண்டைக்கும் நாண் டொய்ங் என்று ஒரு சத்தம் போடும். காலைப் பனியில் அது வீட்டு அடுப்படி வரைக்கும் வரும்.

புரட்டாசியில் அவுக அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்திருந்தாக. இருதயத்துக்குப் பலம் இல்லை, தனியாக எங்கேயும் போய் வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கூடப் போகலாம் என்றால் ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏற என் முட்டி இடம் கொடுக்காது. பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்த மகள் போனில் கத்துவாள், தனியாப் போகாதீகப்பா என்று.

"தனியா எங்க போறேன்? வில்லு கூட வருதுல்ல" என்பாக.

"போனையாவது எடுத்துட்டுப் போங்களேன்" என்றால், "மடியில உருண்டையும் போனும் சேந்து கெடந்தா எதைத் தூக்கி எறிஞ்சேன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லி, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாக.

அதனால் அந்தச் சத்தத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டொய்ங் என்றால் அவுக நல்லா இருக்காக. கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் வெங்காயம் நறுக்குகிற கை நின்றுபோகும். மறுபடி கேட்டதும் கை நகரும். ஒருநாள் ரொம்ப நேரம் கேட்கவில்லை என்று ஓடைக்கரை வரைக்கும் போய்விட்டேன். அப்போது பார்த்து டொய்ங் என்றது. திரும்பி வந்துவிட்டேன். இதை நான் அவுகளிடம் சொன்னதே இல்லை. உங்களை நினைத்துத்தான் பயந்துகொண்டு கிடக்கிறேன் என்று கல்யாணமானதிலிருந்து ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னவள் இல்லை. அந்த மாதிரிப் பேச்சு எனக்கு வராது.

மயில் அந்தச் சத்தத்தையும் படித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் அவுக போனைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாக.

"ஏ புள்ள, இங்க வந்து பாரு. வெள்ளைக்காரன் வில்லு நாணுல கம்பளி நூலுக் குஞ்சம் கட்டியிருக்கான்."

"சடைக்குக் கட்டுற மாதிரியா?"

"சடைக்கு அழகுக்கு. இது சத்தம் அடங்குறதுக்கு. நம்ம மயிலு நாண் சத்தம் கேட்டதும் தலையக் குனிஞ்சுக்கிருது. உருண்டை மேல போனதும் நிமுந்து என்னையப் பாத்து அகவுது. கேலி பண்ணுது புள்ள. சத்தம் இல்லாம விழுந்தா எங்கிட்டு இருந்து வருதுன்னே தெரியாதுல்ல?"

அவுகளுக்குக் கண்ணில் புரை, விரலும் நடுங்கும். கட்ட வேண்டியது நான்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேண்டாங்க, அந்தச் சத்தம் எனக்கு வேணும் என்று ஒரு வார்த்தை. "கம்பளி நூலுக்கு எங்க போக?" என்றுதான் கேட்டேன்.

பனிக்காக மகள் வாங்கிக் கொடுத்த கம்பளிக் குல்லா இருந்தது. அதன் உச்சியில் உருண்டையாக ஒரு சிவப்புக் குஞ்சம். "இதை வெட்டுனா எனக்கும் மரியாதை, வில்லுக்கும் மரியாதை" என்று அவுகளே குல்லாவை நீட்டினாக.

நாண் முழுசையும் நாலு பங்காக்கி, ரெண்டு முனையிலிருந்தும் ஒரு பங்கு தள்ளிக் கட்ட வேண்டுமாம். என் கைக்கு ஒரு சாணும் நாலு விரலும் வந்தது. முதலில் நான் தப்பாகக் கட்டினேன். ரெண்டு நாணையும் சேர்த்து ஒரே குஞ்சத்துக்குள் சுற்றி இறுக்கிவிட்டேன், பூக்கட்டுகிற பழக்கத்தில். நாண் ரெண்டும் நெருங்கியதில் நடுப்பை முறுக்கிக்கொண்டது. அவுக வாசலில் நின்று இழுத்துவிட, உருண்டை நேரே போகாமல் வில்லைப் பிடித்திருந்த பெருவிரலில் அடித்தது.

ஆடு பத்திக்கொண்டு போகிறவள் அப்போது அந்த வழியாக வந்தாள். என்னை மதினி என்றும் அவுகளை அண்ணே என்றும் கூப்பிடுவாள்.

"என்ன மதினி, வில்லுக்குச் சடை பின்னுறீகளோ? ரெண்டு முழம் மல்லியும் வச்சு விடுங்க."

"நீ வேற. அவுக விரலப் பாரு."

"மயிலுக்கு வச்ச குறி உங்க மாமனுக்கே விழுந்துருச்சா! அண்ணே, மயிலுக்கு விழ வேண்டிய அடிய நீங்களே வாங்கிக்கிட்டீகளே."

அவுக விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாக. நான் எல்லாத்தையும் அவிழ்த்தேன். கோணி ஊசியால் நாணின் முறுக்கைப் பிரித்து, பிரித்த இடத்தில் கம்பளி இழைகளைச் செருகி, மறுபடி முறுக விட்டு, மேலே இறுக்கக் கட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு நாணுக்கும் தனித்தனி. மேலே ரெண்டு, கீழே ரெண்டு. நாலு குஞ்சம்.

அவுக வில்லை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனாக. நான் வாசலில் நின்றேன். போனவுக திரும்பி வந்து, "கேட்டுச்சா?" என்றாக.

"இல்லையே. விட்டீகளா?"

"அஞ்சு தடவை விட்டேன் புள்ள! அஞ்சு தடவை!"

அவுக முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நான் வில்லை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

குஞ்சம் நன்றாக வேலை செய்தது. மயில் பயந்து பக்கத்துக் காட்டுக்குப் போயிற்று. அவுக காலையில் ஆறு மணிக்குப் போய், ஒன்பது மணி பஸ்ஸு ஹாரன் அடிக்கிற நேரத்துக்குக் கஞ்சி குடிக்க வருவாக. அந்த மூன்று மணி நேரமும் எனக்கு ஒரு சத்தமும் கிடையாது. காக்கா கத்தும், ஆடு கத்தும். நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பனையின் தலையைப் பார்ப்பேன். அது என்ன சொல்லும்?

நாலாம் நாள் சாயந்தரம் அவுக கால் கழுவிக்கொண்டிருந்தாக. வில் ஆணியில் தொங்கியது. கத்தரிக்கோலை எடுத்தேன். நாலில் ஒன்றை வெட்டினால் லேசாகச் சத்தம் வரும், மயிலுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும் என்று ஒரு கணக்கு. அதில் அர்த்தம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

"என்ன, குஞ்சம் அவுந்துருச்சா?" என்று பின்னால் வந்து நின்றாக.

"இல்ல. நூலு நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

நீட்டிக்கொண்டிருந்த இழையை மட்டும் நறுக்கினேன்.

"நீ கட்டுன கட்டு எங்குட்டு அவுறப்போகுது" என்றாக. என் வேலையை அவுக மெச்சிப் பேசியது அபூர்வம். எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தரிக்கோலை மாடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் முப்பது உருண்டை எண்ணி மடியில் போட்டுக் கொடுத்தேன். "வாரேன்" என்று போனாக. ஒன்பது மணி பஸ்ஸு போனது. கஞ்சியில் ஆடை படிந்தது. மயில் கூட்டம் அதிகம் போல என்று நினைத்தேன். முன்னால் என்றால் ஆறரைக்கே தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் இருப்பதுதான் வழக்கம் என்று ஆகிப்போனதால், சத்தமில்லை என்று நான் பயப்படவில்லை. இல்லை, பயந்தேன். பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டுக்காரி ஓடி வந்தாள். "மதினி, அண்ணன் பனைக்கடியில..." என்றாள். அந்த ஓடையை என் முட்டி எப்படித் தாண்டியது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பனையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாக. குஞ்சம் இல்லாத குல்லா தலையில் இருந்தது. உடம்பு குளிர்ந்துவிட்டது. மடியில் உருண்டை அப்படியே கிடந்தது. தூக்குகிறபோது கீழே கொட்டியதை நான்தான் பொறுக்கினேன். முப்பதும் இருந்தது.

நொடியில் போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஆட்டுக்காரி, இலை எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"வில்லு நெஞ்சு மேல கெடந்துச்சு மதினி. வெரலு நாணுக்குள்ள மாட்டியிருந்துச்சு. நாந்தேன் எடுத்து விட்டேன்."

ஒரு உருண்டைகூடப் போகவில்லை. வில்லின் நடுப்பையும் காலி. அப்படியானால் விரல் நாணில் ஏன் மாட்டும்? மயிலுக்கு இழுக்கப் போகும்போதே வந்துவிட்டதா? இல்லை, குரல் எழும்பாமல், என்னைக் கூப்பிடச் சுண்டினாகளா? நான் காது கொடுத்துக் கேட்பேன் என்று அவுகளுக்குத் தெரிந்திருந்ததா? நான்தான் சொல்லவே இல்லையே.

கதிரை மகள் வீட்டு ஆட்கள் வந்து அறுத்துப் போட்டார்கள். வில் ஆணியில்தான் தொங்குகிறது. குஞ்சத்தை அவிழ்க்கவில்லை. சில நாள் எடுத்து வெறுங்கையால் சுண்டிப் பார்ப்பேன். பக்கத்தில் நின்றால் டப் என்று கேட்கிறது. தூரத்தில் எப்படி என்று தெரியவில்லை. நான் ஒருத்தி. அங்கே நின்று சுண்டிவிட்டு இங்கே நின்று கேட்க முடியாது. ஆட்டுக்காரியிடம் சொன்னால் செய்வாள். எதுக்கு மதினி என்று கேட்பாளே, அதற்கு என்ன சொல்ல?

வில் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்காக ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாலு அடி மூங்கில், ரெண்டு நாண், நைலான். முனையிலிருந்து ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி நாலு கம்பளிக் குஞ்சம். சத்து இல்லாத ஒரு ஆள் உட்கார்ந்தபடி சுண்டினால், வேலிக்கருவையைத் தாண்டி இருநூறு எட்டுக்குக் கேட்குமா? குஞ்சம் இல்லாவிட்டால் கேட்டிருக்குமா? இருநூறு எட்டு என்பதும் அவுக சொன்ன கணக்குதான். நான் அளந்ததில்லை. அதையும் யாராவது நடந்து பார்த்தால் நல்லது. என் ஆறுதலுக்காக மாற்றிச் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொன்னால் போதும்.