உடைத்து வைத்த சோடா

கிளிநொச்சியில் எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் தயங்குகிறேன். வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடுதான் போன பங்குனியில் ஒரு பெண்மணியை அழைத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றினேன். அன்று நான் செய்ததை மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

அவர் என் மகன் விரும்பிய பெண்ணின் தாயார். மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். இப்போது வவுனியாவில் இருக்கிறார்கள். நாங்கள் வடக்கே குடாநாட்டிலிருந்து வந்து வட்டக்கச்சியில் காணி பெற்று வயல் செய்தவர்கள். இரண்டு தலைமுறையாக ஒரே குளத்துத் தண்ணீரில் பயிர் செய்தும், எங்கள் ஆட்கள் அவர்களுடைய வீடுகளில் வாய் நனைப்பதில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். “இப்பதான் குடிச்சனான்” என்போம். அவர்களும் விளங்கிக்கொண்டு, கடையில் சோடா வாங்கி வந்து எங்கள் கண்முன்னே மூடியை உடைத்து வைப்பார்கள். சோடா அவர்கள் வீட்டு அடுப்பில் ஏறியதல்ல. அதற்கு மரியாதை என்று பெயர்.

அந்தத் தாயார் சீதனத்தைப் பற்றியோ சாதகத்தைப் பற்றியோ ஒரு பேச்சும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் தங்கள் வீட்டில் சாப்பிடுகிற ஆளாக இருக்கவேண்டும், அதுபோதும் என்றாராம். கதிரையில் எதிரெதிரே இருந்து கதைப்பதிலும் அவருக்கு விருப்பமில்லை. கிளிநொச்சிக்கு எத்தனையோ தரம் வந்திருந்தும் பஸ்ஸால் இறங்கித் தமையன் வீட்டுக்குப் போய்த் திரும்பியதுதானாம், நகரத்தை ஒருநாளும் சுற்றிப் பார்த்ததில்லையாம். ஆகவே காலையில் நான் ஊரைக் காட்டுவது, மத்தியானம் தமையன் வீட்டில் சாப்பிடுவது என்று மகன் ஒழுங்கு செய்தான்.

“அப்பா, அங்க சாப்பிடுங்கோ. எங்கட ஆக்கள் மாதிரி சாட்டுச் சொல்லிப்போட்டு வராதேங்கோ” என்றான் தொலைபேசியில்.

“எனக்கு நீ படிப்பிக்கிறியோ?” என்று சிரித்தேன். சிரித்தேனே ஒழிய இரவு நித்திரை வரவில்லை. சமத்துவத்தைப் பற்றி மேடைகளில் பேசியிருக்கிறேன். அப்படியான ஒரு வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

காலையில் பஸ் நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். என் வயதுக்குப் பத்துக் குறையலாம். நிமிர்ந்த நடை. என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டார். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அன்று முழுவதும் ஒரு முறையும் சொல்லாமலே சமாளித்தேன். முதலில் பெண்கள் சேர்ந்து நடத்தும் உணவகத்துக்குப் போனோம். தோசைக்கல் கண்முன்னே கிடக்கும், சுடச்சுடப் போட்டுத் தருவார்கள். நான் மூன்று தோசையும் இலைக்கஞ்சியும் எடுத்தேன். அவர் ஒரு வடையை மெல்லமாகப் பிய்த்துக்கொண்டு என் சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்தார்.

“நல்லாச் சாப்பிடுறியள் மாஸ்டர். மத்தியானத்துக்கும் கொஞ்சம் இடம் விடுங்கோ.”

கஞ்சி தொண்டையில் சுட்டது. கடையில் யார் சமைத்தது என்று நாங்கள் கேட்பதில்லை. அந்த வசதிக்காகவே நான் இவ்வளவு காலமும் கடைகளில் தாராள மனதோடு சாப்பிட்டு வந்திருக்கிறேன் என்பது அந்த மேசையில்தான் எனக்கு உறைத்தது.

அங்கிருந்து ஒரு மண்டபத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். இளம் பிள்ளைகள் வரைந்தவை. நிறங்களைப் பற்றி நான் ஏதோ விளக்கிக்கொண்டு போக, அவர் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். தறப்பாள் கூடாரங்கள், பெரிய கிடாரம், பாத்திரங்களோடு நீண்ட வரிசை. போரின் கடைசி மாதங்களில் கஞ்சிக்கு நின்ற வரிசை.

“நானும் நிண்டனான்” என்றேன்.

“ஓம், எல்லாரும்தான் நிண்டது.” படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “அதில ஒருத்தரும் இப்பதான் குடிச்சனான் எண்டு சொல்லேல்லை, மாஸ்டர்.”

பகிடியா, குத்தலா என்று தெரியவில்லை. அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பிறகு முச்சக்கரவண்டியில் பரந்தனுக்குப் போய், இடிந்துபோன இரசாயனத் தொழிற்சாலையை வீதியில் நின்றபடி காட்டினேன். அதன் கதையைச் சொல்லத் தொடங்கி எதை விட்டேன் எதைச் சொன்னேன் என்றே தெரியாமல் தடுமாறினேன். மனம் முழுவதும் மத்தியானத்தில் இருந்தது. வெயில் ஏற ஏற எனக்குப் பயம் ஏறியது. ‘தாங்கோ, குடிப்பம்’ என்று சொல்லவேண்டியதை மனதுக்குள் பலதரம் சொல்லிப் பழகினேன், வாய்ப்பாடு ஒப்புவிக்கப்போகிற பிள்ளையைப் போல.

தமையன் வீட்டுப் படலையைத் திறந்ததும் அவருடைய பேச்சு மலையகத் தமிழுக்கு மாறியது. “அண்ணே, மாஸ்டர் வந்துட்டாரு” என்றார். என்னோடு பேசிய தமிழைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. தமையன் கதிரையைத் துடைத்துப் போட்டார். குசினியிலிருந்து கோழிக்கறி வாசம் வந்தது. தமையனின் மனைவி இரண்டு கையாலும் தட்டம் ஏந்தித் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

“இப்பதான் குடிச்சனான்” என்றேன்.

பழக்கத்தில் நாக்குத் தவறிவிட்டது என்று எழுதினால் தப்பிக்கொள்ளலாம். அது பொய். அந்தக் கணத்தில் அந்தக் கிளாஸைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அறுபது வருடப் படிப்பு அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை.

தமையனின் மனைவி தட்டத்தோடு திரும்பிப் போனார். தமையன் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவர் வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்து, என் முன்னால் சோடாவை உடைத்து வைத்தார். நான் குடித்தேன்.

“சோடா குளிரா இருக்கோ மாஸ்டர்?” என்று பெண்ணின் தாயார் கேட்டார். மறுபடி என்னுடைய தமிழில்.

“ஓம்” என்றேன்.

“சரி. அண்ணே, மாஸ்டருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

எனக்கு எந்த பஸ்ஸுக்கும் நேரமாகவில்லை. சோற்றுக்கு இருக்கச் சொல்லி, நான் இன்னொரு சாட்டுச் சொல்லி, எல்லோரும் இன்னொரு தரம் கூனிக்குறுகாமல் என்னை எழுப்பி அனுப்பிவிட்டார். அவ்வளவு நாகரிகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

பின்னேரம் மகன் தொலைபேசி எடுத்தான். என்ன தந்தார்கள் என்று கேட்டான். சோடா என்றேன். “சரி அப்பா” என்று வைத்துவிட்டான். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் முகம் கழுவி, ஒன்றும் குடிக்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சாட்டுச் சொல்ல வயிற்றில் எதுவும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவர் வவுனியாவுக்குப் போயிருப்பாரோ, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லியிருப்பாரோ, தமையன் படலையிலேயே மறிப்பாரோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

அவர்தான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

“என்ன மாஸ்டர், இந்த நேரத்தில? சோடா எடுப்பிக்கவோ?”

“வேண்டாம். நான் இன்னும் ஒண்டும் குடிக்கேல்லை. நேற்றுச் சொன்னது பொய். பசிக்குது.”

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். தமையன் வாசலுக்கு வந்து நின்றார், வாங்கோ என்று சொல்லவில்லை.

“அடுப்பு இன்னும் மூட்டேல்லை” என்றார் தாயார். “நேற்று உங்களுக்கெண்டு வடிச்ச சோறு மிச்சம். தண்ணி ஊத்தி வைச்சிருக்கு. பழஞ்சோறு தரலாமோ?”

“தாங்கோ.”

தமையனின் மனைவி அதைப் பிசைந்து, நேற்றைய குழம்பும் வெங்காயமும் வைத்துக் கோப்பையை என் முன்னால் வைத்தார். தட்டத்தில் அல்ல, கையால். முதல் கவளம் இறங்க மறுத்தது. இரண்டாவது இறங்கியது. அதன்பிறகு பசி மட்டும்தான் இருந்தது.

உள்ளே தொலைபேசி அடித்தது. அவருடைய மகள்தான். தாயார் வாசற்படியில் நின்று, என்னைப் பார்த்தபடியே கதைத்தார்.

“நேத்து கதைய விடு. மாஸ்டர் வந்திருக்காரு... ஆமா, இங்கதான். இன்னும் சாப்பிட்டு முடிக்கல. முடியட்டும், சொல்றேன்.”

நான் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டேன்.