அம்மாவின் அலுமாரிக்குள் காற்று

கித்துல்கலையில் ஆற்றோரத்து விடுதியின் சமையலறையில், குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. உயர்தரப் பரீட்சை முடிந்து, முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் சனி ஞாயிறுகளில் அங்கே வரவேற்பு மேசையில் இருந்தேன். ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களுக்குச் சோறு இருக்கிறதோ இல்லையோ, பச்சையாகத் தின்ன சலாது இலை வேண்டும். அது நுவரெலியாவிலிருந்து பெட்டியில் இறங்கும். அன்று சமையல்காரர் பெட்டியைத் திறந்தார்.

"நங்கி, மே பலன்ன," தங்கச்சி, இதைப் பார் என்று சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடிப்பாதி முழுக்கக் கறுத்து அழுகியிருந்தது. பாதியைக் கூடையில் கொட்டினார்.

"அய்யே, இதை நான் வீட்டிலேயே வளர்த்துத் தந்தால் எடுப்பீங்களா?" வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் யோசித்தேன். எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று, தகரக் கூரை. பகலில் வெந்து போகும். சலாதுக்குக் குளிர் வேண்டும். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவரும் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, கொண்டுவா, பார்க்கலாம் என்றார்.

மழையிலும் நத்தையிலும் வெளியே இலை நிற்காது. பெட்டிக்குள் விளக்குப் போட்டு வளர்க்கிற வீடியோக்களைக் கைபேசியில் பார்த்துத் தள்ளினேன். பெட்டிக்கு எங்கே போவது? வீட்டில் பெரிதாக இருந்தது ஒன்றே ஒன்று, அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த மர அலுமாரி. இரண்டு நாள் கெஞ்சியதில் அம்மா சீலைகளை எடுத்து சூட்கேசில் அடுக்கினார்.

"அந்தாளு ஒன் இலையப் பாத்து சரின்னு சொன்னா வச்சுக்க. இல்லேன்னா மறுநாளே என் சீலை எல்லாம் திரும்ப உள்ள போயிரும். ஒரு பேச்சும் பேசக்கூடாது."

உள்ளே மேல்பக்கம் விளக்கை மாட்டி, இருபது செடி வைத்தேன். முதல் நாலு வாரம் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் சூடு ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று உள்ளே ஏறி நாலு செடியைக் கொத்தித் தின்றுவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து கதவைச் சாத்தினேன். மறுநாள் நடுப்பகலில் உள்ளே வைத்திருந்த வெப்பமானி முப்பத்தேழு காட்டியது. சமையல்காரர் இலை கேட்டிருந்த சனிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் பாக்கி.

காற்று வேண்டும். காற்று என்றாலே எனக்குத் தெரிந்தது எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிதான். சின்ன வயதிலிருந்து பார்த்தது. நீளத் தொட்டிகள், மேலே கம்பி வலை, வலைமேல் கொழுந்து, அடியிலிருந்து பெரிய விசிறி ஊதும். அந்த மாடியில் நின்றாலே உடம்பு சில்லென்று இருக்கும். அதையே செய்தேன். அலுமாரியின் அடிப்பலகையில் எலி கடித்த ஓட்டை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதையே பெரிதாக்கி, அலுமாரியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, கீழே மேசை விசிறியை மல்லாக்கப் படுக்க வைத்தேன். செடிகளைக் கம்பி வலைமேல் அடுக்கினேன். புதிதாக ஒரு வெட்டும் விழவில்லை. அம்மா திட்டவும் வழியில்லை. வெப்பமானி முப்பத்திரண்டுக்கு இறங்கியது. நான் குதித்தேன்.

வியாழன் மத்தியானம் கதவைத் திறந்தால் பதினாறு செடியும் தலை தொங்கிக் கிடந்தன. தண்ணீர் ஊற்றினேன். விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் இன்னும் மோசம். மண் சேறாக இருந்தது, இலை துணியாக இருந்தது. சூடு குறைந்திருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பிறகு ஏன்?

வேலை முடிந்து அக்கா வந்தாள். அவளுக்குத் தொழிற்சாலையின் அந்த மேல்மாடியில்தான் வேலை. கைப்பையைக்கூட இறக்கவில்லை, குனிந்து விசிறியைப் பார்த்தாள், நிமிர்ந்து செடியைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, கொழுந்து வாட்டுறதுக்குத்தானே அங்க அடியில காத்து விடுறோம்? நீ வீட்டுக்குள்ளயே வாட்டிக்கிட்டிருக்க. காலையில வரைக்கும் விடு, கொழுந்து உருட்டுற ரோலருக்கு அனுப்பிரலாம்!"

"சிரிக்காதக்கா."

"சிரிக்கலடி. நல்லா வாடியிருக்கு. தொழிற்சாலை ஐயா பாத்தா ஒனக்கு வேலையே போட்டுக் குடுப்பாரு."

எனக்குக் காது சுட்டது. பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவள், இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தை அப்படியே செய்து, அதற்குள் இலை வளர்க்கப் பார்த்திருக்கிறேன். விசிறியை அணைத்தேன். கதவைத் திறந்துவிட்டு, கோழி ஏறாமல் காவலாக முன்னால் உட்கார்ந்தேன். காற்று இலைக்குள் புகுந்து போக வேண்டியதில்லை. சூடு எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்து வெளியே போனால் போதும். சூடு விளக்கில் இருக்கிறது, விளக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் ஓட்டையும் மேலே வேண்டும். அம்மாவின் அலுமாரித் தலையில்.

வெள்ளி காலை அம்மா ரப்பர் பால் வெட்டப் போனதும் மரம் அறுக்கிற வாளை எடுத்தேன். முதல் இழுப்பில் மரம் கிறீச்சென்றது. அலுமாரி அழுகிறது என்றே தோன்றியது. நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று நிறுத்தாமல் அறுத்தேன். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் திருத்துகிற அண்ணனிடம் வாங்கிய இரண்டு சின்ன விசிறிகளை அங்கே பொருத்தினேன். அவை உள்காற்றை மெதுவாக மேலே இழுக்கும், அடி ஓட்டை வழியாகப் புதுக்காற்று தானாக வரும். விளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியும் தொட முடியாத சூடு. அதையும் கழற்றி வெளியே ஆணியில் மாட்டினேன். வெயில் நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு, சாயங்காலம் போடுவதென்று முடிவு செய்தேன்.

மத்தியானம் அம்மா வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"என்னடி இது? எலிக்கு மேல்மாடியிலயும் வாசல் வச்சுக் குடுத்திருக்கியா?"

நான் தரையில் கிடந்த மரத்தூளைக் கூட்டினேன். அம்மா திட்டாமல் அடுப்படிக்குப் போனார். அதுதான் பயமாக இருந்தது. அந்த ஓட்டையோடு அலுமாரியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன முகத்தோடு கொடுப்பது?

சனி காலையில் ஒன்பது செடி நிமிர்ந்திருந்தன. ஏழு எழும்பவே இல்லை. ஒன்பதையும் ஈரத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சமையல்காரர் ஒரு இலையைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டிகக் தித்தய்," என்றார். கொஞ்சம் கசக்கிறதாம். பிறகு மீதியையும் தின்றுவிட்டு, அடுத்த மாதம் மறுபடி கொண்டுவரச் சொன்னார். அழுகாமல் வருகிறதே, கசப்பு மட்டும் போகட்டும் என்றார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே கேட்டார். "சரின்னானா?"

"மறுபடி கொண்டான்னாரு."

அம்மா சூட்கேசை அலுமாரிப் பக்கம் இழுத்தார். "அப்ப பாதி சரி. பாதி அலுமாரி ஒனக்கு." சூட்கேசைத் திறந்து கீழ்த்தட்டில் சீலைகளை அடுக்க ஆரம்பித்தார். எலி ஓட்டையை ஒரு பலகைத் துண்டால் மூடி, அவரே ஆணி அடித்தார். புதுக்காற்று வந்த வழி அதோடு போயிற்று.

இனி முதுகுப்பலகையில்தான் வழி வெட்ட வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. கசப்பு சூட்டினால் வருவது. வீட்டுக்குள் முப்பத்தொன்று என்றால் விசிறியும் அந்த முப்பத்தொன்றைத்தான் உள்ளே இழுக்கும். ஈரச் சாக்குத் தொங்கவிடலாம் என்றால், எங்கள் ஊர்க் காற்றிலேயே ஈரம் சொட்டுகிறது. சாக்கு காய்ந்தால்தானே குளிரும்? குளிர்ச்சி என்று எங்களிடம் இருப்பது லயத்துக் கோடியில் மலை ஊற்றிலிருந்து பீலி என்கிற திறந்த குழாய் வழியாக இரவும் பகலும் விழுகிற தண்ணீர் மட்டும். அதைக் கறுப்புக் குழாயில் கொண்டுவந்து, புது ஓட்டைக்கு முன்னால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, திரும்பப் பீலிக்கடியிலேயே விட்டால், உள்ளே போகிற காற்று அந்தச் சுருளைத் தொட்டுக்கொண்டு போகும். ஒரு சொட்டும் வீணாகாது. அதை மூன்று வீட்டுக்காரர்களுக்குப் புரிய வைக்க வேண்டும். குழாய் அவர்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். நாளைக் காலை முதலில் கோழிக்காரர் வீட்டில் கேட்கப் போகிறேன். அவர்கள் கோழி தின்ற அந்த நாலு செடிக்கு அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.