முரட்டுப் பவுடர் ஒரு சிட்டிகை

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அஸ்தினாபுரத்தில் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரம் இருக்கும். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அக்கா புருஷன்.

"இன்னா மச்சான், சொல்லாம கொள்ளாம போய்கினே கீற? ஏறு, ஸ்டேஷன்ல வுடறேன்."

யாருக்குப் பயந்து ஓடினேனோ அவர் கேரியரிலேயே ஏறி உட்கார்ந்தேன்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டுவது, பெல்லாரியில் மண் சுமப்பது என்று சுற்றினேன். பட்டினியும் உண்டு, அதில் சொல்ல ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அக்கா வீட்டுக்கு வருவேன். நான் ஊர்க்கதை சொன்னால் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். என் பேச்சை அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது.

இந்த முறை வந்தபோது பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு பெயின்ட் டப்பா உருண்டுகொண்டிருந்தது. மாமாவின் வேலை. உள்ளே சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டி, இரண்டு உருளை மேல் படுக்கவைத்து, பழைய தையல் மிஷின் மோட்டாரில் ஓட்டினார். டப்பாவுக்குள் உடைந்த பாட்டில் துண்டுகள், தண்ணீர், அவற்றைத் தேய்க்கக் கார்போரண்டம் பவுடர். முதல் வாரம் ரவை மாதிரி முரட்டுப் பவுடர். கழுவிவிட்டு அதைவிட நைஸ், பிறகு இன்னும் நைஸ். கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கிய மெருகுப் பவுடர். மொத்தம் ஒரு மாதம் உருண்டால் துண்டெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழத்துப் பளபளக்கும். விற்பதற்கில்லை, சும்மா ஆசைக்கு.

வெள்ளத்தில் கிருஷ்ணா ஆற்றுப் பாலத்தில் எங்கள் லாரி மாட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். "இருடா, மோட்டார் சத்தம் மாறினா மாதிரி கீது." எழுந்து போனாள். வந்த பிறகு மிச்சத்தைக் கேட்கவில்லை. லாரி இன்னும் அந்தப் பாலத்தின் நடுவில்தான் நிற்கிறது.

"முரட்டுப் பவுடர் ஒரு துளி உள்ள பூந்தாலும் அம்பேல் மச்சான், எல்லாம் கீறலாயிடும்" என்று மாமாதான் எனக்குச் சொல்லியிருந்தார். மெருகு ஓடிய கடைசி வாரம், அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மோட்டாரை நிறுத்தி மூடியைத் திறந்தேன். ஒரு சிட்டிகை போட்டேன். பவுடர் பொட்டலத்தை மறுபடி கட்டி இருந்த இடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திறந்தார். நீலத் துண்டும் பச்சைத் துண்டும் புரை விழுந்த கண் மாதிரி மங்கிக் கிடந்தன. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "நான்தான் சரியா கழுவல" என்றார் மாமா. அப்போதே முதல் பவுடரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இன்னும் ஒரு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் ஆகாது. அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

ராதா நகர் தாண்டும்வரை மாமா வேகமாக மிதித்தார். பிறகு, "பவுடர் பொட்டலத்துல ஒரு முடிச்சு இருந்திச்சு. அவுக்கறதுக்குள்ள நகமே பேந்துடுச்சி. தார்ப்பாய் கட்டற முடிச்சா அது?"

என் கை தானாகப் போட்டிருந்த லாரி முடிச்சு.

"உங்க அக்காவுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். எப்பயும் போல வந்துகினு போய்கினு இரு, இன்னா?"

ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அக்கா வீட்டில் நான் கெடுத்துக்கொண்ட இடத்தை எனக்காக அவர் காப்பாற்றி வைத்திருக்கிறார். நன்றி வரவில்லை. இதிலும் அவர்தான் பெரியவர் என்று வயிறு எரிந்தது.

தாம்பரம் பிளாட்பாரத்தில் படுத்து எழுந்து, காலையில் ஊரப்பாக்கம் போனேன். புதிதாகக் கட்டும் வீட்டில் மொசைக் தரை பாலிஷ் போட ஆள் வேண்டும் என்றார்கள்.

"வேலை தெரியுமா?" என்றார் மேஸ்திரி.

"தெரியும். மொதல்ல முரட்டுக் கல்லு. நல்லா கழுவிட்டு நைஸ் கல்லு. முன்னது ஒரு துளி தங்கினாலும் கீறல் வுழும்."

"பரவால்லியே. யாருகிட்ட கத்துகின?"

"யார்கிட்டயும் இல்ல. நானே கத்துகினேன்."

மிஷின் கைப்பிடியை என்னிடம் கொடுத்தார்.