வன்னியம்பட்டி விலக்கில் ஒரு எலுமிச்சம்பழம்

ராஜபாளையத்தில் நான் ஏறிய ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து வன்னியம்பட்டி விலக்கில் நின்றுவிடுகிறது. சாலை முழுக்கப் புதுச் சைக்கிள்கள்! பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்திருக்கிறது. எல்லோரும் மணியடித்தபடி வீடு திரும்புகிறார்கள்.

என் மடியில் செய்தித்தாள். ஏழை நாடுகள் ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவருக்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று அரைப் பக்கக் கட்டுரை. அதைச் சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்குகிறேன்.

ஊருக்குள் பிரியும் பாதையில் ஒரு அம்மா, மகளின் சைக்கிளுக்குச் சந்தனம் பூசி, முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். மகள் ஏற மறுத்து நிற்கிறாள்.

"உருட்டியே நசுக்கிடலாமே?" என்கிறேன்.

"அதெப்படிக்கா? ஏறி மிதிச்சாத்தான் வண்டி அவளுக்குச் சொந்தம். எங்க ஊருக்குப் பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ் கெடையாது. இது இருந்தாத்தான் மேல படிப்புன்னு அவ அப்பா சொல்லிட்டாவ. இவளுக்கு ஓட்டத் தெரியலை! ஏட்டி, ஏறு. அக்கா, நீங்க பின்னால பிடிங்க."

நான் கேரியரைப் பிடிக்கிறேன். அம்மா ஹேண்டில்பாரைப் பிடிக்கிறார். மகள் கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கிறாள். பழம் பட்டென்று நசுங்கி என் சேலையெல்லாம் சாறு. பேருந்துக்குள் விசில் பறக்கிறது.

சைக்கிள் நிற்கவில்லை. அம்மா பின்தங்கிவிட்டார்.

"விட்டுராதீகக்கா!" என்று கத்துகிறாள் மகள்.

பின்னால் பேருந்து புறப்படும் சத்தம். செய்தித்தாள் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகட்டும். நான் கேரியரை விடுவதாக இல்லை.