பழைய கோட்டின் இடது கை

மொன்றியல் குளிரில் தோசை மாவைப் பொங்கவைப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது இல்லை, என் கணவருடையது. நகரின் நடுவே ஓர் உணவகத்தில் இத்தாலியச் சமையல் செய்கிறார். பீட்சா மாவோடு ஓயாமல் மல்லுக்கட்டுவதால் உலகத்தில் உள்ள எல்லா மாவின் குணமும் தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. நான் உழுந்தை ஊறப்போட்டால்கூட வந்து எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அதனால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. ஒருவர் ஒரு வேலையைத் தானாக வந்து தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டால் அதைப் பறிப்பதற்கு எனக்கு என்ன விசரா?

பனி கொட்டத் தொடங்கினால் அவர் நிலைகொள்ள மாட்டார். பானையை ஹீற்றரோடு ஒட்டி வைத்தால் மா ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் பச்சையாகக் கிடக்கும். தள்ளி வைத்தால் அசையாமல் படுத்திருக்கும். கடைசியில் தன் பழைய கோட்டை எடுத்தார். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிருக்கு வாங்கிய மண்ணிறக் கோட்டு. இப்போது தொப்பைக்கு மேல் பூட்டாது, எறியவும் மனமில்லை. அதைப் பானைக்குப் போர்த்தி, இரண்டு கைகளையும் முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டு, எங்கள் படுக்கையறை அலுமாரிக்குள் வைப்பார். அலுமாரியைத் திறந்தால் குள்ளமான ஓர் ஆள் கைகட்டிக்கொண்டு குந்தியிருப்பது போல இருக்கும். நான் அதற்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன்.

கோட்டுக்காரராலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் போன குளிர்காலத்தில் திடீரென்று மா பொங்கியதே ஒரு பொங்கல்! மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. தோசை பஞ்சு மாதிரி வந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார்.

"கைராசியப்பா, கைராசி."

இத்தனை வருடம் அந்தக் கை எங்கே போயிருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. தோசை நன்றாக இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

இனி பாம்பின் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கல்லூரியான சீஜெப்பில் படிக்கிறாள். இலையுதிர்காலத்தில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி வேறு நகரத்துக்குப் படிக்கப் போனாள். அவள் வளர்த்த பாம்பைக் கொண்டுபோக முடியவில்லை என்று எங்கள் பிள்ளை அதைக் கண்ணாடிப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். செம்மஞ்சள் நிறம், என் பெருவிரல் தடிப்பு. விஷம் இல்லை, குரைக்காது, மயிர் கொட்டாது என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து வழக்கறிஞர் மாதிரி வாதாடினாள். நான் கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். பகல் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் கத்தலும் மூக்குச்சளியும்தான். சத்தம் போடாத ஒரு சீவன் வீட்டுக்கு வருவது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

என் கணவரோ பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே காலைத் தூக்கிக் கதிரையில் வைப்பவர்.

"இஞ்சை பார் பிள்ளை," என்றார். "பெட்டிக்குள்ளை இருக்குமட்டும் இருக்கட்டும். ஒருநாள் வெளியிலை வந்துதெண்டால் அண்டைக்கே அது இந்த வீட்டை விட்டுப் போகோணும். உன்ரை அறைக்குள்ளை நான் இனிக் காலும் வைக்கமாட்டன்."

"தாக்கோர்," என்றாள் மகள். சரி என்று பிரெஞ்சில் அவள் சொன்னால் அது சரியில்லை என்று அர்த்தம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு மனக்கவலை தொடங்கியது அன்றுதான். அதுவரை அப்பாவும் மகளும் நகமும் சதையுமாக இருந்தார்கள். அவருக்கு லீவு கிடைக்கிற நாளில் இரண்டு பேரும் சோபாவில் ஏறியிருந்து ஹொக்கி பார்த்துக் கத்துகிற கத்தலில் கீழ்வீட்டுக்காரர் வந்து மணி அடிப்பார். பாம்பு வந்தபின் அவள் தன் அறைக்குள் போனில் பார்த்தாள். இவர் ஹோலில் தனியே சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். கேட்டால் "ஓம்", கேட்டால் "இல்லை", அதற்கு மேல் கதை இல்லை. கத்துகிற காலத்தில் காதைப் பொத்திக்கொண்டு திரிந்த எனக்கு, இப்போது அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் புரோசார்டில் இருந்து மச்சாள் தோசைக்கு வருவதாக இருந்தது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. வீட்டில் பாம்பு இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வரவே மாட்டார். கணவர் லீவு போட்டிருந்தார். காலையில் மகள் தன் பகுதிநேர வேலைக்குப் போனாள், நான் கடைக்குப் போனேன். நான் திரும்பி வந்தபோது மகள் வந்து குளித்துக்கொண்டிருந்தாள். கணவர் தேங்காய் வாங்க வெளிக்கிட்டார். நான் குசினியில் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா," என்று பின்னால் குரல் கேட்டது. தலை ஈரத்தோடு நின்றாள். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது. "அம்மா, அது இல்லை. பெட்டிக்குள்ளை இல்லை."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். பெட்டி வெறுமையாக இருந்தது. மேலே கம்பிவலை மூடி, அதன் ஒரு மூலை கொஞ்சம் தூக்கியபடி. மூடியின் இரண்டு பக்கக் கொக்கிகளும் மாட்டியிருக்கவில்லை.

"நான் பூட்டினனான் அம்மா. நேற்றும் பாத்தனான். இல்லாட்டி... பூட்டேல்லையோ? எனக்கு ஞாபகம் வரேல்லை." அவள் வெறும் பெட்டியைத் திரும்பவும் எட்டிப் பார்த்தாள். "வெளியிலை போனால் செத்துப்போடும். அது இந்தக் குளிர் தாங்காது. அப்பா வந்தால்..."

எனக்கும் அதுதான் பயம். அவர் வருவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் பாம்பும் போகும். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே மிச்சம் இருக்கிற அந்த ஓம், இல்லையும் போகும்.

"எங்கை போயிருக்கும்?"

"இருட்டா, இடுக்கா, சூடா எங்கை இருக்கோ அங்கை."

கட்டிலுக்குக் கீழே பார்த்தோம். புத்தகத் தட்டுகளுக்குப் பின்னால், ஹீற்றர் ஓரங்களில், துவாய்களுக்குள், வாசலில் கிடந்த பனிச் சப்பாத்துகளுக்குள் எல்லாம் கைவிட்டுப் பார்த்தோம். பாதி சாத்திக் கிடந்த எங்கள் அறை அலுமாரியையும் திறந்தேன். கோட்டுக்காரர் வழமைபோலக் கைகட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால், பக்கத்தில் எல்லாம் பார்த்தேன். நீராவது நிம்மதியாக இரும் என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதவை மூடினேன்.

மகளின் அறையில் நாங்கள் இருவரும் தரையில் குப்புறக் கிடந்தபோது அவர் வந்துவிட்டார். கையில் தேங்காய்ப் பையோடு வாசற்படியில் நின்றார்.

"என்னப்பா நடக்குது?"

மகள் எழும்பி இருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "அது வெளியிலை போட்டுது, அப்பா."

வெடிக்கப் போகிறது என்று நான் தயாரானேன். ஒன்றும் வெடிக்கவில்லை. அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். கோட்டைக் கழற்றினார். பிறகு நாலு மாதமாகக் கால் வைக்காத அந்த அறைக்குள் கால் வைத்து, முழங்காலில் நின்று, போன் வெளிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே அடித்தார். இந்த மனிசனுக்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

"என்ரை பிழை," என்றாள் மகள். இப்போது அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான்தான் பூட்ட மறந்தனான். நீங்கள் சொன்னது சரி அப்பா. கிடைச்சாலும் ஆருக்கும் குடுத்துவிடுறன்."

நான் பெட்டியின் பக்கம் திரும்பினேன், பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான். அப்போதுதான் கண்டேன். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழே வெள்ளையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தேன். நல்ல புளிச்ச உழுந்து வாசம். நான் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பிள்ளையே பாம்பைக் கொடுத்துவிடுகிறேன் என்கிறாள், நான் எப்படியும் பிள்ளைக்கு முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அவருக்கு அது முடியவில்லை.

"பிள்ளை, அழாதை," என்றார். "நீ பூட்டினனீ. நான்தான் திறந்தனான்."

அவள் முகத்தை நிமிர்த்தினாள். "நீங்களோ? ஏன்?"

"மா பொங்குறதுக்கு."

எல்லாம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவருக்கு வேலை பின்னேரம்தான் தொடங்கும். பகலில் வீட்டில் அவர் தனி. மார்கழி மாதத்தில் ஒருநாள் பாம்புப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று எட்டி நின்று பார்க்கப் போயிருக்கிறார். பெட்டியின் அடியில் பாம்புக்காக ஒரு மின்சாரச் சூட்டுத்தட்டு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மூடிக்கு மேலே கையை நீட்டினால் இதமான இளஞ்சூடு.

"அந்தச் சூட்டைக் கண்டவுடனை எனக்குப் பயம் போட்டுது," என்றார் வெட்கத்தோடு. "கண்ணை மூடிக்கொண்டுதான் பானையை வைக்கிறனான். கொக்கி ரெண்டும் துருத்திக்கொண்டு நிக்கிறதாலை பானை சரியா இராது. கழட்டிப்போட்டு, பேந்து மாட்டிவிடுவன். இண்டைக்கு நீ படியேறி வாற சத்தம் கேட்டுது. பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினதிலை..."

"கைராசி," என்றேன் நான். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"ஒவ்வொரு கிழமையும் வந்தனீங்களோ?" என்று கேட்டாள் மகள், இன்னும் நம்ப முடியாமல்.

"ஓம். அது பாவம், சும்மா படுத்திருக்கும். தம்பி, சூடு காணுமோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் போறனான்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் நிற்கவில்லை. சட்டென்று அவள் நிமிர்ந்தாள். "அப்பா! அந்தப் பானை இன்னும் சூடாத்தானே இருக்கும்? அதை என்னத்தாலை சுத்தி வைச்சனீங்கள்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு எங்கள் அறைக்கு ஓடினோம். அலுமாரியைத் திறந்தேன். கோட்டுக்காரரின் வலது கை சப்பையாகக் கிடந்தது. இடது கை மட்டும், உள்ளே உண்மையாகவே ஒரு கை இருப்பது போல, திரண்டு உருண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் அசைந்தது. இந்தக் கோட்டுக்காரரின் தலையில்தான் நான் சற்று முன்னர் தட்டியிருக்கிறேன்.

"முடிச்சை இழுத்தால் நெரிஞ்சுபோடும்," என்றாள் மகள். "உங்கடை முடிச்சு, அப்பா. நீங்கள்தான் அவிழ்க்கோணும்."

அவர் தரையில் குந்தினார். மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தபடி, விரல் நுனிகளால் அந்த முடிச்சைத் தளர்த்தினார். வாழ்க்கையில் எதையும் அவர் அவ்வளவு பக்குவமாகச் செய்து நான் கண்டதில்லை. கோட்டின் கை நீண்டு விழுந்தது. அதன் வாயில் இருந்து ஒரு சின்னத் தலை வந்தது. நாக்கை நீட்டியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் அவருடைய மணிக்கட்டில் ஏறி, முழங்கைவரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

அவர் மூச்சும் விடவில்லை. கண்ணை மட்டும் மூடவில்லை.

"குளிரா இருக்குமெண்டு நினைச்சன்," என்றார் கடைசியில். "இது சூடா இருக்கப்பா."

மகள் அவருடைய தோளில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். நானும் தரையில் இருந்துவிட்டேன். மூன்று பேரும் பாம்புமாகப் படுக்கையறைத் தரையில் இருந்து வயிறு நோகச் சிரித்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து எத்தனையோ காலம்.

"சரி அப்பா," என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெளியிலை வந்தால் வீட்டை விட்டுப் போகோணும் எண்டு சொன்னீங்கள். இப்ப ஆர் போறது? அதுவோ, நீங்களோ?"

"நான்தான்," என்றார் அவர் கையை அசைக்காமல். "ஆனா அக்கா வாற நேரம். தோசை ஆர் சுடுறது? பேந்து போறன்."

மாப்பானையின் மூடி விலகாமல் பத்திரமாக இருந்தது. அதற்கு அவரிடம் மூன்றுமுறை சத்தியம் வாங்கிய பிறகே நான் கரண்டியைப் போட்டேன். மச்சாள் வந்தார், சம்பலோடு வயிறு நிறையச் சாப்பிட்டார். இந்தக் குளிரிலும் இப்படிப் பொங்கியிருக்கிறதே, தம்பி என்ன கைராசியடா உனக்கு என்றார். என் கணவர் தட்டில் இருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார்.

"என்ரை இல்லை அக்கா. பிள்ளையின்ரை ராசி."

மச்சாள் ஒன்றும் விளங்காமலே மகளின் தலையைத் தடவினார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கஷ்டப்பட்டுத் தோசையை மென்றோம்.

அடுத்த கிழமை மகள் பாம்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த புத்தகங்களை அகற்றி இடம் செய்தாள். மூடிக்குப் புதுப் பூட்டு வந்தது. பானைக்கென்று தனியாக ஒரு சூட்டுத்தட்டும் வந்தது. கோட்டுக்காரர் இப்போது அந்த அறையில்தான் குந்தியிருக்கிறார்.

அந்த ஞாயிறு காலை நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். மகளின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"அப்பா! மா பொங்கிட்டுது. ஓடி வாங்கோ!"

பானையை எடுத்து வரப் போனவர் திரும்பி வரவில்லை. கல்லு காய்ந்து புகைந்தது. கூப்பிடலாம் என்று கதவுவரை போனேன். உள்ளே முந்தினநாள் ஹொக்கியில் கோலைத் தடுக்காமல் விட்டவனை இரண்டு பேரும் சேர்ந்து, ஒருவர் தமிழிலும் ஒருவர் பிரெஞ்சிலும், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. குசினிக்குத் திரும்பி வந்து அடுப்பை நிறுத்தினேன்.